லேசருக்குப் பெட்டி அடித்த பாடு

லேத்துப் பட்டறைத் தொழிலில் பாதி வேலை வந்தவர் சொன்னதைச் செய்வது. மீதிப் பாதி அவர் சொல்ல மறந்ததைக் கண்டுபிடித்துச் செய்வது. தையல்காரர்கள், ரேடியோ ரிப்பேர்காரர்கள், பல் கட்டுகிறவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். வந்தவர் மனசுக்குள் ஒரு படம் இருக்கும். இரண்டு கையையும் விரித்து "இம்புட்டு நீளம் இருக்கணும்ணே" என்று காட்டுவார். பிறகு கையை மடக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். அவர் விட்டுப்போன காற்றை அளந்து நாம் வேலையை முடிக்க வேண்டும். அப்படி அவதிப்பட்ட அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் அவனியாபுரத்தில் எனக்கு ஒரு பட்டறை இருந்தது. ஒரு லேத்து, மூடிப்போன மில்லிலிருந்து ஏலத்தில் எடுத்த ஒரு மில்லிங் மெஷின், துளை போட ஒரு மெஷின். நானும் என் மனைவியின் தம்பி சோணைமுத்துவும்தான் ஆட்கள். அவனுக்கு என்னைவிட இரண்டு வயசு குறைவு. வேலையில் என்னைவிடச் சுத்தம். கிணற்று மோட்டாரில் சுற்றும் சாப்ட்டு, மாவு மில்லில் அச்சைத் தாங்கும் புஷ் என்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் லேசர் வந்து நுழைந்தது.

சவரத்துக்கு இல்லை

ஒரு சனிக்கிழமை காலை. குடையை மடக்கிக்கொண்டு ஒரு அம்மா பட்டறைக்குள் வந்தார். வழி கேட்க வந்திருப்பார் என்று சோணை லேத்தை நிறுத்தினான். அவர் வழி கேட்கவில்லை. காகிதச் சுருள் ஒன்றை விரித்து, நாலு மூலையிலும் எங்கள் நட்டு போல்ட்டுகளையே எடுத்து வைத்தார். பெயர் கோமதி. பெண்கள் கல்லூரி ஒன்றில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறார். "ரெண்டடி நீளத்துல ரெண்டு அலுமினியப் பட்டை வேணும்ணே. விளிம்பு முடி அளவுகூட வளையக் கூடாது. அதை உள்ள வச்சு மூட ஒரு பெட்டி." என்னத்துக்கு என்று கேட்டேன். "லேசர் செய்யப் போறேன்" என்றார். "சவரம் பண்ற ரேசரா டீச்சர்?" என்றேன். அவர் கோபப்படவில்லை. அதே கேள்வியை வேறு இடங்களிலும் கேட்டிருப்பார் போல.

முக்காலியில் உட்கார்ந்து அரை மணி நேரம் விளக்கினார். விளக்கு வெளிச்சம் எட்டுத் திக்கும் சிதறும். இது சிதறாமல் ஒரே கோட்டில் போகும். வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கொடுக்கக் கல்லூரிக்கு வசதியில்லை. வீட்டிலேயே செய்யலாம் என்று எங்கோ ஒரு பத்திரிகையில் படம் போட்டிருக்கிறார்கள். செய்து, அதை வைத்து ஆராய்ச்சிப் பட்டம் வாங்க வேண்டும். இதற்கு முன் நாலு பட்டறையில் கேட்டிருக்கிறார். நாலு பேரும் சிரித்து அனுப்பிவிட்டார்கள். சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே ஒத்துக்கொண்டேன்.

"சரி, பெட்டிக்கு என்ன வேலை?" என்றேன். "ஒளி உள்ளயே அடங்கி இருக்கணும்ணே. ஒரே ஒரு ஓட்டை வழியா மட்டும்தான் வெளிய போகணும்" என்றார். அதுவரை வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்த சோணை சொன்னான்: "டார்ச் லைட்டுன்னு முதல்லயே சொல்லிருந்தா இம்புட்டு நேரம் ஆகிருக்குமா டீச்சர்?"

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்

அந்த இரண்டு பட்டைகளை நேராக்க ஆறு நாள் ஆனது. மில்லிங்கில் ஓட்டி, அரத்தால் தேய்த்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்ப்போம். நடுவில் கீற்றாக வெளிச்சம் தெரியும். மறுபடி தேய்ப்போம். கடைசியில் ஒரு சிகரெட் தாள்கூட நுழையாத அளவுக்கு வந்தது. கரண்டுக்கு காசிம் பாயைப் பிடித்தோம். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் கண்ணாடிக் குழாயை ஊதி வளைத்து, கடைகளுக்குக் கலர் எழுத்து போர்டு செய்து கொடுப்பவர். போர்டு எரிய வைக்கும் பெரிய டிரான்ஸ்பார்மர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார்.

பட்டறைக் கதவைச் சாத்தி, ஜன்னலுக்குச் சாக்குக் கட்டி, ஓட்டைப் பக்கம் யாரும் முகத்தைக் கொண்டுபோகக் கூடாது என்று டீச்சர் மூன்று தடவை எச்சரித்து, சுவிட்சைப் போட்டார். பெட்டிக்குள் டக் டக் என்று பொறி வெடித்தது. வெளியே ஒன்றும் இல்லை. ஆறு நாள் வேலை பாழ் என்று நினைத்தேன். டீச்சர் ஒரு வெள்ளைக் காகிதத்தை ஓட்டைக்கு நேரே நீட்டினார். காகிதத்தில் நீலமாக ஒரு புள்ளி துடித்தது. இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, படுகிற இடத்தில்தான் தெரியும் என்றார். பிறகு, சலவைக்குப் போய் வந்த சோணையின் வெள்ளைத் துண்டை வாங்கி நீட்டினார். சலவையில் போட்ட வெளுப்புப் பொடியால் அது காகிதத்தைவிடப் பளிச்சென்று மின்னியது. காசிம் பாய் தாடியைத் தடவிக்கொண்டே நின்றார். "சுபஹானல்லா! இருபது வருசமா கரண்டுல கலர் காட்டித்தான் கஞ்சி குடிக்கிறேன். கலரே இல்லாத லைட்டுக்கு இம்புட்டு மவுசா?"

பெட்டி கடித்த நாள்

டீச்சர் அந்த லேசரைப் பழங்காநத்தத்தில் தன் வீட்டு மாடியில், தகரக் கூரை போட்ட அறையில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். இருபது நாள் கழித்து அவருடைய அப்பா சைக்கிளில் பட்டறைக்கு வந்தார். மகளுக்குக் கரண்ட் அடித்துப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். உயிருக்கு ஒன்றுமில்லை, வலது கைதான் வெந்துவிட்டது என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து பெட்டி மூடியின் நாலு திருகாணிகளையும் எடுத்து என் மேஜையில் வைத்தார். "இது கீழே கிடந்துச்சு தம்பி" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நடந்தது இதுதான். டீச்சர் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் மூடியைக் கழற்றியிருக்கிறார். ஆனால் அணைத்த பிறகும் உள்ளே கரண்டைப் பிடித்து வைக்கும் தகடுகளில் கரண்ட் தங்கியிருந்திருக்கிறது. தொட்டதும் தூக்கி எறிந்துவிட்டது. அணைத்த பிறகும் கரண்ட் இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. காசிம் பாய்க்குத் தெரியும், டீச்சருக்கும் தெரியும், அவசரத்தில் மறந்திருக்கிறார். பெட்டி செய்தவன் கேட்டிருக்க வேண்டும். மூன்று நாள் வேறு வேலை எதையும் தொடாமல் உட்கார்ந்து மூடியை மாற்றினேன். மூடியை விரற்கடை தூக்கினாலே கரண்ட் நின்றுவிடும். இன்னும் கொஞ்சம் தூக்கினால் ஒரு பித்தளைக் கம்பி தன் பாரத்திலேயே தகடுமேல் விழுந்து, மிச்சமிருப்பதைப் பூமிக்கு இறக்கிவிடும். ஆள் மறந்தாலும் கம்பி மறக்காது. அன்றிலிருந்து இந்தக் கம்பி இல்லாமல் ஒரு பெட்டியும் என் பட்டறையை விட்டுப் போனதில்லை.

கட்டுப் போட்ட கையோடு டீச்சர் வந்து மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். கம்பி ஒவ்வொரு தடவையும் விழுந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றேன். அவர் சொன்னார்: "என் கைய விட உங்க முகம்தாண்ணே ஜாஸ்தி வெந்திருக்கு."

யார் வேலை முந்தி?

அடுத்து டீச்சர் சிவப்பு லேசருக்கு வந்தார். அது கண்ணுக்குத் தெரியும், ஆராய்ச்சிக்கும் அதுதான் தேவை. கண்ணாடிக் குழாய்க்குள் வாயு அடைத்து, இரண்டு முனையிலும் இரண்டு சிறிய கண்ணாடிகளை நேருக்கு நேர் வைக்க வேண்டும். கண்ணாடியைத் தாங்கும் தகட்டை லேத்தில் கட்டி, அதைக் கவ்வும் நாலு தாடையையும் மாற்றி மாற்றி இறுக்கி, மையம் பார்க்கவே எனக்கு இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. டீச்சர் பக்கத்திலேயே நின்றார். கல்லூரி விடுமுறை அன்றோடு முடிகிறது. மறுநாளிலிருந்து பரீட்சைத் தாள் திருத்தம், ஒரு மாதத்துக்கு இந்தப் பக்கம் வர முடியாது.

அந்த நேரம் பார்த்து செக்கானூரணிப் பக்கத்து விவசாயி ஒச்சப்பன் வந்தார். தோளில் துண்டால் சுற்றிய மோட்டார் சாப்ட்டு. பிள்ளையைத் தூக்கி வருவதுபோலத் தூக்கி வந்தார். "அண்ணே, பயிரு பால் பிடிக்கிற நேரம். நாலு நாளாத் தண்ணியில்ல. இன்னிக்கு ஓடலைன்னா வைக்கோலுக்குத்தான் அறுக்கணும்." பட்டறையில் இருப்பது ஒரே லேத்து. கட்டியதைக் கழற்றினால் மறுபடி இரண்டு மணி நேரம். நான் டீச்சரையும் பார்க்க முடியாமல் ஒச்சப்பனையும் பார்க்க முடியாமல் எண்ணெய்க் குப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டீச்சர்தான் சொன்னார், "கழட்டுங்கண்ணே. லேசர் காயாது."

சாப்ட்டு முடிய சாயங்காலம் ஆகிவிட்டது. டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒச்சப்பன் வாசல் வரை போய், அவர் பஸ் ஏறும்வரை பார்த்து நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். "எனக்கு வயக்காடு காயுதுன்னு சொல்லத் தெரியுது. அந்தப் புள்ளைக்கு என்ன காயுதுன்னே சொல்லாமப் போகுதே, பாவம்" என்றார்.

பாயின் மூச்சு

குழாயை ஊதிக் கொடுத்தவர் காசிம் பாய்தான். நீளம் நானூறு மில்லிமீட்டர் என்று டீச்சர் எழுதிக் கொடுத்திருந்தார். நானும் நானூறு மில்லிக்குப் பெட்டி அடித்து வைத்திருந்தேன். பாய் அதைப் "பதினாறு இஞ்சு" என்று மனசுக்குள் மாற்றிக்கொண்டு ஊதியிருக்கிறார். ஆறு மில்லி கூடிவிட்டது. போதாததற்கு, வாயுவை அடைத்துச் சூடு காட்டி மூடிய இடத்தில் ஒரு இஞ்சு வால் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவேயில்லை. வாயுவோ மெட்ராசிலிருந்து வந்தது. குழாயை உடைத்து மறுபடி ஊத முடியாது. பெட்டியை அறுத்து, முனையில் ஒரு வளையம் சேர்த்து நீட்டி, வாலுக்காக விலாவில் ஒரு புடைப்பு வைத்தேன். பார்ப்பதற்குப் பலாக்கொட்டையை விழுங்கின பாம்பு மாதிரி இருந்தது. எரிச்சலில் பாயிடம் போய், ஊதும்போது ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். அவர் சாந்தமாகப் பதில் சொன்னார்: "உனக்கு இரும்பு அளவு. எனக்கு மூச்சு அளவு. ஸ்கேலை என் நெஞ்சுக்குள்ளயா விடச் சொல்றே மியான்?"

துடைத்த கை

இதைச் சொல்ல எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அந்த இரண்டு சிறிய கண்ணாடிகள் பெங்களூரில் இருந்த டீச்சரின் பழைய பேராசிரியை தன் சோதனைச்சாலையிலிருந்து கொடுத்தனுப்பியவை. ஒரு ரூபாய்க் காசு அகலம்தான் இருக்கும். முகத்தில் பார்வைக்குத் தெரியாத பூச்சு இருக்கிறது, மூச்சுக்கூடப் படக்கூடாது, இன்னொரு ஜோடி கிடைக்காது என்று சொல்லித்தான் டீச்சர் என்னிடம் கொடுத்தார். நான் அதைக் கேட்டேன். சோணை சாப்பிடப் போயிருந்தான். அவனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்து, மறந்து, நான் தபாலாபீஸ் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது சோணை ஒரு கண்ணாடியை, மெஷின் எண்ணெய் துடைக்கிற பஞ்சு வேஸ்ட்டால் துடைத்துக்கொண்டிருந்தான். முப்பது வருஷப் பட்டறைப் பழக்கம் யாருக்கும் அதுதான். எது கைக்கு வந்தாலும் துடைத்துவிட்டுத்தான் கட்டுவோம். அந்த வேஸ்ட்டில் இரும்புத் தூள் இருந்தது. ஜன்னலருகே சாய்த்துப் பார்த்தேன். நடுவில் மூன்று கீறல். நான் கத்திவிட்டேன். மாப்பிள்ளையை அப்படி நான் பேசியதில்லை. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு போனான். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

டீச்சரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். தவறு என்னுடையது, அவனிடம் நான் சொல்லவில்லை என்றேன். அவர் கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கண் கலங்கியது, துடைத்துக்கொண்டார். பிறகு சோணை வீடு எங்கே என்று கேட்டார். திருப்பரங்குன்றத்துக்கு என்னோடு பஸ்ஸில் வந்தார். சோணை வாசலில் எழுந்து நின்றான், தலையைத் தூக்கவில்லை. டீச்சர் சொன்னார்: "அழுக்கா இருக்கக் கூடாதுன்னுதானே துடைச்சீங்க? கெடுக்கணும்னு இல்லையே. நாளைக்கு வேலைக்கு வாங்கண்ணே."

தலையைச் சாய்த்துப் பார்

அவன் வந்தான். வந்து ஒரு மணி நேரம் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். தொடவில்லை. "மச்சான், இந்த ஒளி எம்புட்டு அகலம் இருக்கும்?" என்று கேட்டான். ஒரு மில்லி, கூடிப்போனால் ஒன்றரை என்று டீச்சர் சொல்லியிருந்தார். "கண்ணாடி இருபது மில்லிக்கு மேல இருக்கு. கீறல் நடுவுலதான். ஓரம் சுத்தமாத்தான இருக்கு? பஸ்ஸு ஜன்னல்ல கீறல் இருந்தா நாம தலையச் சாச்சுக்கிட்டுப் பாக்கலையா?" எனக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியை நடுவில் வைத்தால்தானே கீறல் நடுவில் வரும்? கண்ணாடி பிடிக்கும் வளையத்தில் ஓட்டையை மையம் தள்ளிக் கடைந்துவிட்டால், ஒளி போகும் பாதைக்குச் சுத்தமான ஓரம் வந்துவிடும். மையம் தள்ளிக் கடைவது எங்களுக்குப் பழகின வேலைதான். மாவு மில்லுக்கு எத்தனையோ செய்திருக்கிறோம். வளையத்தைச் சோணையே கடைந்தான். என்னைக் கிட்டவே விடவில்லை.

டீச்சர் வீட்டு மாடி அறையில் போர்வைகளைக் கட்டி இருட்டாக்கினோம். காலை ஆறு மணிக்கே போய்விடுவோம். கண்ணாடிகள் நேருக்கு நேர் நிற்கும்படி திருகாணிகளை மயிரிழை மயிரிழையாகத் திருக வேண்டும். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் சோணை கடைசித் திருகாணியில் கை வைத்திருந்தபோது, எதிர்ச் சுவரில் குங்குமப் பொட்டு மாதிரி ஒன்று வந்து உட்கார்ந்தது. அசையவே இல்லை. சுற்றிலும் அது பொடிப் பொடியாக மினுங்கியது. சோணை கையை எடுக்கப் பயந்து குனிந்தபடியே நின்றான். கீழேயிருந்து டீச்சரின் அப்பா காப்பி கொண்டுவந்து கதவைத் தட்டினார். "திறந்துராதீங்கண்ணே. இன்னும் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கட்டும்" என்றார் டீச்சர்.

பதினோரு மணிச் சாவு

சந்தோஷம் பதினோரு மணி வரைதான். பதினோரு மணிக்குப் பொட்டு மங்கியது, அணைந்தது. மறுநாள் காலையில் திருகினோம், வந்தது. பதினோரு மணிக்குச் செத்தது. வாயு கெட்டுவிட்டது என்றார் பாய். கரண்ட் குறைகிறது என்றேன் நான். ஒரு வாரம் இப்படி. வெளியாட்கள் வந்து பார்க்கும் நாளைப் பல்கலைக்கழகம் ஏற்கெனவே குறித்துவிட்டது. ஆராய்ச்சித் தேர்வாளர் காலை ஆறு மணிக்கா வருவார்?

எட்டாம் நாள் அலுத்துப்போய்ப் பெட்டிமேல் கையை ஊன்றினேன். சுட்டது. தகரக் கூரை, பங்குனி வெயில். அலுமினியம் சூட்டில் நீளும் என்பது எனக்குத் தெரியாததா? கண்ணாடிகள் இரண்டும் என் பெட்டியின் இரண்டு முனையில்தான் உட்கார்ந்திருந்தன. பெட்டி ஒரு பக்கம் கூடுதலாகச் சுட்டு மயிரிழை வளைந்தால், கண்ணாடிகள் ஒன்றையொன்று பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். குற்றவாளி நான் செய்த பெட்டி. சூட்டுக்கு அசையாத உலோகம் வெளிநாட்டில் இருக்கிறதாம், நமக்குக் கிடைக்காது. சோணைதான் தன் ஊரான திருப்பரங்குன்றத்தைக் கைகாட்டினான். கல். கண்ணாடிகளைக் கல்லின்மேல் நிறுத்திவிட்டு, பெட்டியை அதைத் தொடாமல் வெறும் மூடியாகக் கவிழ்த்துவிடலாம். வெயிலில் பெட்டி நெளிந்தால் நெளியட்டும், கல் நெளியாது.

திருப்பரங்குன்றத்தில் அம்மி, ஆட்டுக்கல் கொத்துகிற வீரணனிடம் போனோம். மூணடி நீளம், அரையடி அகலம், முகம் கண்ணாடி மாதிரி சமமாக வேண்டும் என்றோம். நாங்கள் இரும்புத் தகட்டில் காவி பூசிக் கல்லின்மேல் வைத்து எடுப்போம். மேடு இருக்கிற இடத்தில் காவி ஒட்டும். அதைத் தேய்க்கச் சொல்வோம். நாலு நாள் பொறுமையாகத் தேய்த்தார். ஐந்தாம் நாள் காவி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒட்டியது. வீரணன் உளியைக் கையில் எடுத்துக்கொண்டு, கடைசியாகக் கொத்தி விடட்டுமா என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் பதறிப்போய்க் கல்லின்மேல் கையை விரித்துத் தடுத்தோம். அவர் எங்களை இரக்கத்தோடு பார்த்தார். "இம்புட்டு வழவழன்னு கொண்டுபோனா மசாலா எப்பிடிப்பா அரைபடும்? வீட்டுப் பொம்பளைக என்னையத்தான ஏசுவாக."

தேர்வாளர்

பொட்டைப் பதினோரு மணிக்குப் பிறகும் நிறுத்தி வைத்த அந்தக் கல்லையும் பெட்டியையும் கல்லூரிக்குக் கொண்டுபோய் இறக்கியது நானும் சோணையும்தான். தேர்வாளர் வெளியூர்க்காரர். கறுப்புக் கோட்டு, சிரிக்காத முகம். மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே போனார். நாங்கள் வராந்தாவில் நின்றோம். கதவுக்கு வெளியே ஒன்றும் கேட்கவில்லை. மூன்று மணிக்குக் கரண்ட் போனது. சோணை என் கையைப் பிடித்துக்கொண்டான். கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. திருகாணியைத் தொடாமல் பொட்டு தானாக வரவேண்டும். வந்ததா இல்லையா என்று தெரியாமல் நாங்கள் பட்ட பாடு, பிரசவ வார்டு வாசலில் நின்றவர்களுக்குப் புரியும்.

நாலு மணிக்கு எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார்கள். சுவரில் பொட்டு இருந்தது. அப்போதுதான் மூச்சு விட்டேன். ஆனால் தேர்வாளர் பொட்டைப் பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்து குனிந்து கண்ணாடி வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓட்டை ஏன் மையத்துல இல்ல? என்ன காரணம்?" என்றார். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் சோணை முன்னால் போனான். "கண்ணாடிய நான் வேஸ்ட்டு வச்சுத் துடைச்சுக் கெடுத்துட்டேன் சார். டீச்சர் மேல தப்பு இல்ல. கீறல் படாத ஓரத்துக்கு ஒளி வர்ற மாதிரி தள்ளிக் கடைஞ்சிருக்கு." பட்டம் போச்சு என்றே நினைத்தேன். தேர்வாளர் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தணித்துக் கேட்டார்: "எங்க லேப்ல இந்த மாதிரி நாலு கண்ணாடி கிடக்குது தம்பி. எல்லாம் நான் துடைச்சது. வளையம் போட்டுத் தருவீங்களா?"

கண் கேட்டு வந்தவர்

டீச்சருக்குப் பட்டம் கிடைத்தது. வெளியூர்க் கல்லூரிகளிலிருந்து அளவு எழுதிக் கடிதம் வரத் தொடங்கியது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தினுசில் பெட்டி. வீரணன் கல் கொத்தாமலே கொடுக்கப் பழகிவிட்டார். பேர் பரவினால் எல்லாரும்தான் வருவார்கள். அழகர்கோவில் பக்கம் ஊர்த் திருவிழாக்களுக்கு சீரியல் செட் விளக்குக் கட்டுகிற கான்ட்ராக்டர் ஒருவர், ஜிப்பாவும் வாசனையுமாக வந்தார். துணிக்கடையில் நிறுத்துகிற பொம்மை மாதிரி ஏழடி உயரத்துக்கு ஒரு சாமி செய்கிறாராம். அதன் தலைக்குள் எங்கள் பெட்டியைப் பொருத்தி, இரண்டு கண்ணிலிருந்தும் சிவப்பு ஒளி கூட்டத்தின் மேல் பாய வேண்டும். அளவெல்லாம் கையோடு கொண்டுவந்திருந்தார். மதுரையில் எனக்கு ஒன்றும் விட்டுப்போகாமல் மில்லி கணக்கில் அளவு கொண்டுவந்த முதல் வாடிக்கையாளர் அவர்தான் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

முடியாது என்றேன். ஒளி நேராகக் கண்ணில் விழுந்தால் பார்வைக்கு ஆகாது, கூட்டத்தில் பச்சைப் பிள்ளைகள் இருக்கும் என்றேன். சோணையும் சொன்னான். அந்த நேரம் அங்கே இருந்த டீச்சர், விழித்திரை அது இதுவென்று படம் போட்டே காட்டினார். கான்ட்ராக்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபமில்லை, எங்கள் அறியாமைக்காக வருத்தம்தான். எழுந்து ஜிப்பாவைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார்: "கூட்டம் கண்ணுல விழும்கிறீங்க. சாமி முன்னாடி வந்தா எவண்ணே கண்ணைத் திறந்து வச்சிருக்கான்?"

உலகத்திலேயே நேரான பொருள் ஒளிதான் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். அதற்குப் பெட்டி அடிக்கப் போய்த்தான், என்னையும் சேர்த்து என் பட்டறையில் நேரான பொருள் ஒன்றுகூட இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.